லில்லிக்கு வயதாக வேண்டாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பெயர், ஊர், சித்தி வீட்டு விவரம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பதிலை இங்கே பொதுவில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி வேறு வீடுகளிலும் யாராவது ஒருவர் மனத்தில் வெளியே சொல்ல முடியாமல் கிடக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த உரிமையை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் சித்தி மகளுக்குப் பதினான்கு வயது. அவள் பெண் என்பது அந்த வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். 'ஸாம்பி லேண்ட் சாகா' தொடரின் எட்டாவது பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: "வளராமலே செத்துப்போனதுதான் லில்லிக்கு நல்லது என்று இந்தக் கதை சொல்கிறதா அக்கா?"

அந்தத் தொடரைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கியூஷூ தீவில் சாகா என்றொரு மாகாணம். வெவ்வேறு காலங்களில் இறந்துபோன ஏழு பெண்களை ஒருவன் உயிர்ப்பித்து, அந்த ஊரின் பெயரை விளங்க வைக்க ஒரு பாட்டுக் குழுவாக்குகிறான். மாப்பா நிறுவனம் 2018இல் எடுத்த அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர். குழுவிலேயே சின்னவள் லில்லி ஹோஷிகாவா. ஊரறிந்த குழந்தை நட்சத்திரமாக இருந்து, 2011இல் பன்னிரண்டு வயதில் இறந்தவள். பிறந்தபோது அவளுக்கு வைத்தது ஆண் பெயர். காலில் முடி முளைத்ததைக் கண்டே கலங்கிப்போனவள், ஒருநாள் முகத்தில் ஒற்றைத் தாடிமுடியைப் பார்க்கிறாள். அந்த அதிர்ச்சியில், ஓயாத வேலையால் ஏற்கெனவே களைத்திருந்த அவள் இதயம் நின்றுவிடுகிறது.

அந்தப் பகுதி பல விஷயங்களைச் சரியாகவே செய்கிறது. பழைய பெயர் வெளியே வரும்போது குழுவில் ஒருத்தி கேலி செய்கிறாள். லில்லி அந்தப் பெயரைச் சொல்லாதே என்று சீறுகிறாள். அதற்கு மேல் அங்கே விசாரணை இல்லை. யாரும் அவளைத் தள்ளி நின்று பார்க்கவில்லை, அவளை அழைக்கும் விதமும் மாறவில்லை. அந்தப் பகுதியின் கண்ணீர் முழுக்க வேறோர் இடத்தில் இருக்கிறது: மகளை வேலை வேலை என்று விரட்டிவிட்டோமே என்று உடைந்துபோன அப்பா, மேடைக்குக் கீழே நின்றபடி, தன் மகளைப் போலவே இருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்து அழுகிறார். அவருக்கு மகள் இறந்ததுதான் துயரம். அவள் யாராக இருந்தாள் என்பதில் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அனிமேயில் இப்படியொரு அப்பாவைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். உங்கள் சித்தி மகள் அழுவது லில்லிக்காக மட்டும்தானா, அந்த அப்பாவுக்காகவும்தானா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. ஸாம்பிக்கு வயதாகாது, தாடி முளைக்காது, குரல் உடையாது. அதனால் லில்லி நிம்மதியாக இருக்கிறாள். அந்தப் பகுதியின் தலைப்பிலேயே 'நெவர்லேண்ட்' இருக்கிறது. உடல் தன் போக்கில் மாறத் தொடங்கும் வயதில் ஒரு திருநங்கைச் சிறுமிக்கு வரும் பயத்தை இந்தக் கதை உண்மையாகவே பிடித்துவிட்டது. அந்தப் பயத்துக்கு அது வைத்திருக்கும் மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. சாவைத் தவிர வேறு வழி தெரியாததுபோலக் கதை நடந்துகொள்கிறது. லில்லி இறந்த ஆண்டு 2011 என்று தொடர் சொல்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 2012இல், ஜப்பானின் மனநல, நரம்பியல் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. பருவ மாற்றங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் சிகிச்சை அப்போது அதில் இடம்பெற்றது. ஹார்மோன் சிகிச்சையை நிபந்தனைகளோடு 15 வயதிலேயே தொடங்கலாம் என்றும் ஆனது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது எட்டியது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒற்றை முடியைக் கண்டு பதறிய குழந்தையோடு உட்கார்ந்து பேசப் பெரியவர்கள் உலகத்தில் இருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். கதைக்குள் அப்படி ஒருவரும் வரவில்லை.

வயதை நிறுத்திவைக்கும் இந்தப் பழக்கம் லில்லி ஒருத்தியோடு முடிவதும் இல்லை. பொதுவாகவே அனிமேயில் யாருக்கும் வயதாவதில்லை. 1969இலிருந்து ஒளிபரப்பாகிவரும் 'சசாயே-சான்' தொடரில் கத்சுவோ இன்றும் ஐந்தாம் வகுப்பில்தான் படிக்கிறான். அவனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆண் உடலில் பிறந்த ஒரு சிறுமியை இதேபோல் நிறுத்திவைக்கும்போது மட்டும் அந்த நிறுத்தத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. இந்த வயதில் நீ அழகாக இருக்கிறாய், இதற்கு மேல் உன்னை வரைய எங்களுக்குத் தெரியாது என்று அது சொல்கிறது. எகுச்சி ஹிசாஷி 1981இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய 'ஸ்டாப்!! ஹிபாரி-குன்!' முதலே இது நடக்கிறது. 1983இல் அது தொலைக்காட்சிக்கும் வந்தது. ஹிபாரி பள்ளியிலேயே பேரழகி. யாகூசா என்னும் நிழலுலகக் கும்பல் குடும்பத்தில் பிறந்த அவள் துணிச்சல்காரி, தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழம்பித் தவிப்பதெல்லாம் அவளைப் பார்த்து மயங்கும் கோசாகுதான். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம், அவளை நான் விரும்பியே பார்த்தேன். ஆனால் ஹிபாரிக்கு முப்பது வயதானால் எப்படி இருப்பாள் என்று அந்தக் கதையை வைத்து நம்மால் நினைத்துப் பார்க்க முடியாது. 'ஹன்டர் × ஹன்டர்' தொடரின் அல்லுகாவும் அப்படித்தான். வீட்டில் மற்றவர்கள் அவளைத் தம்பி என்று சொல்ல, கில்லுவா மட்டும் தங்கை என்கிறான். நெஞ்சைத் தொடும் பாசம் அது. ஆனால் அவளும் ஒரு குழந்தை, பூட்டிய அறைக்குள் வைக்கப்பட்ட குழந்தை.

ஆகவே உங்கள் சித்தி மகளுக்கு நான் தேடித் தர விரும்புவது வயதாகிறவர்களை. அதில் முதலாவது 'ஹோரோ முசுகோ'. ஆங்கிலத்தில் 'வாண்டரிங் சன்' என்ற பெயரில் கிடைக்கும். ஷிமுரா தகாகோ 2002 முதல் 2013 வரை, பதினைந்து தொகுதிகளாக, நிதானமாக வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, அது. 2011இன் தொடக்கத்தில் ஃபுஜி தொலைக்காட்சியின் பின்னிரவு வரிசையான நோய்தாமினாவில் அனிமேயாக வந்தது. இயக்கம் ஆவோகி எய், திரைக்கதை ஒகாதா மாரி. பின்னணிகள் எல்லாம் நீர்வண்ணத்தில் கரைந்தாற்போல் இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்து மென்மையான கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

நிதோரி ஷூயிச்சி பெண்ணாக வாழ விரும்புகிறாள். அவளுடைய நெருங்கிய தோழி தகாத்சுகி யோஷினோ ஆணாக வாழ விரும்புகிறாள். மங்கா அவர்களின் ஐந்தாம் வகுப்பில் தொடங்குகிறது. அனிமே நடுநிலைப் பள்ளியின் முதல் நாளில் தொடங்குகிறது. அதாவது சீருடை போடும் நாளில். ஆண் பிள்ளைகளுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு மேலங்கி, பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை. அதுவரை பிள்ளைகள் என்று ஒன்றாகத் திரிந்தவர்களை ஒரே காலையில் இரண்டாகப் பிரித்துவிடுகிறது அந்தத் துணி. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் காலத்தோடு நடக்கும் போராட்டம். நிதோரி முகத்தில் ஒரு பரு வந்தால் அது பெரிய செய்தி. தோழனின் குரல் உடைந்தால், அடுத்தது நான்தான் என்று அவள் நடுங்குகிறாள். லில்லியைக் கொன்ற அதே பயம்தான் இது. இங்கே அவள் சாகவில்லை. மறுநாள் காலை எழுந்து பல் துலக்கிப் பள்ளிக்குப் போகிறாள். எனக்கு இந்தத் தொடர் இவ்வளவு பிடிக்கக் காரணம் அந்த மறுநாள்தான்.

குரல் விஷயத்தில் தயாரிப்பாளர்கள் எடுத்த முடிவையும் சொல்ல வேண்டும். அனிமேயில் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வளர்ந்த பெண்கள்தான் குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல்கள் உடைவதில்லை. நிதோரிக்கு அவர்கள் தேடிப் பிடித்தது ஹதகேயாமா கோசுகே என்ற பதின்வயதுப் பையனை. நிதோரி எந்த மாற்றத்துக்குப் பயப்படுகிறாளோ அந்த மாற்றத்தின் வாசலில் நிற்கும் ஒரு தொண்டையிலிருந்தே அவள் பேச்சு வருகிறது. கொஞ்சம் தடுமாறும், கொஞ்சம் தட்டையாக ஒலிக்கும், தேர்ந்த நடிப்பு என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், புரியும்.

எல்லோரும் நிதோரியைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் உங்களுக்கு மாகோவைக் காட்ட விரும்புகிறேன். அரிகா மாகோதோ, நிதோரியின் தோழன் என்று வகுப்பு நினைக்கும் பிள்ளை. அவளும் பெண்ணாக வாழ விரும்புகிறவள்தான். ஆனால் கண்ணாடி போட்ட, முகத்தில் புள்ளிகள் உள்ள, பார்த்தவுடன் யாரும் அழகு என்று சொல்லாத பிள்ளை. பெண் உடையில் நிதோரி நின்றால் எல்லோரும் வியக்கிறார்கள். தான் நின்றால் என்ன ஆகும் என்று மாகோவுக்குத் தெரியும். அவள் பொறாமைப்படுகிறாள், பொறாமைப்படுவதற்காக வெட்கப்படுகிறாள், பிறகும் நிதோரிக்குத் துணையாகவே நிற்கிறாள். அழகாக இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்ற எழுதாத நிபந்தனையை அனிமே உலகம் எத்தனை காலமாக வைத்திருக்கிறது! ஹிபாரிக்கும் லில்லிக்கும் அந்த நிபந்தனையை நிறைவேற்றும் முகம் இருந்தது. மாகோவுக்கு இல்லை. அவளை வரைந்து, அவளுக்கும் கனவும் கோபமும் வெட்கமும் கொடுத்ததற்காக ஷிமுராவுக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

இன்னொரு காட்சித் தொடர்ச்சி. சராஷினா சிசுரு என்ற துடுக்கான மாணவி ஒருநாள் ஆண் சீருடையில் பள்ளிக்கு வருகிறாள். வகுப்பு ரசிக்கிறது. தகாத்சுகியும் அப்படி வருகிறாள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை நிதோரி பெண் சீருடையில் வருகிறாள். சிரிப்பு பரவுகிறது, ஆசிரியர்கள் திகைக்கிறார்கள், வீட்டுக்குத் தகவல் போகிறது. அதன்பின் வகுப்பறைக்குப் போக முடியாமல் பள்ளியின் மருத்துவ அறையில் உட்கார்ந்து நாட்களைக் கழிக்கிறாள். பெண் ஆணுடையைப் போட்டால் குறும்பு, ஆண் என்று நினைக்கப்படுகிறவர் பெண்ணுடையைப் போட்டால் குற்றம். இதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை, மூன்று சீருடைகளை அடுத்தடுத்து வைத்ததோடு சரி. இந்தத் தொடர் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரலில், ஜப்பானின் கல்வி அமைச்சகம் இப்படிப்பட்ட மாணவர்களுக்குச் சீருடை, கழிப்பறை, அழைக்கும் பெயர் ஆகியவற்றில் இணக்கமாக நடந்துகொள்ளும்படி பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நிதோரி நாலைந்து வருடம் பிந்திப் பிறந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் பிள்ளைகளுக்கு யூகி என்றொரு பெரியவள் இருக்கிறாள். வேலைக்குப் போகிற, காதலனோடு வாழ்கிற திருநங்கை. அவள் வீட்டில் பிள்ளைகள் போய் உட்காரலாம். தன்னைப் போன்றவர்களுக்கு வளர்ந்த பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று நிதோரி முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பது அங்கேதான். லில்லியின் கதையில் இல்லாத ஆள் யூகி.

முடிவைப் பற்றி ஒன்று சொல்லி எச்சரித்துவிட வேண்டும். அனிமே நடுநிலைப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. மங்கா அதற்கு அப்பாலும் போகிறது. நிதோரியின் குரல் உடைகிறது, தோள் அகல்கிறது, அவள் உறுதி மட்டும் கலையவில்லை. பெண்ணாக வாழவே முடிவெடுக்கிறாள், தன் கதையை எழுதத் தொடங்குகிறாள். தகாத்சுகியோ ஆணாக வேண்டும் என்ற விருப்பம் தன்னிடம் இப்போது இல்லை என்று உணர்கிறாள். இந்தப் பிரிவைப் பல வாசகர்கள் மன்னிக்கவில்லை. தகாத்சுகிக்கு அதுவரை கொடுத்த எடையோடு இந்த மாற்றத்தை எழுதவில்லை என்ற குறையை நானும் ஏற்கிறேன். ஆனாலும் ஒருவர் போன வழி மற்றவருடையதைப் பொய்யாக்கும்படி ஷிமுரா எழுதவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியே பிரிகிறார்கள். இதை உங்கள் சித்தி மகள் படிக்கும்போது நீங்களும் படித்திருங்கள். வீட்டில் நாளை யாராவது, "பார், அவள் மாறிவிட்டாள், நீயும் மாறிவிடுவாய்" என்று சொன்னால், நிதோரி மாறவில்லையே என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அடுத்தது ஹனா. அவளைப் பற்றி எழுதவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேனோ என்றுகூடத் தோன்றுகிறது. சதோஷி கோன் 2003இல் எடுத்த 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' படத்தில் வீடற்ற மூவர்: குடிகாரரான ஜின், வீட்டைவிட்டு ஓடிவந்த மியுகி, நடுவயதுத் திருநங்கை ஹனா. கிறிஸ்துமஸ் இரவில் குப்பைக்கு நடுவே ஒரு பச்சைக் குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். போலீசில் கொடுத்துவிடலாம் என்கிறார் ஜின். ஹனா விடவில்லை. பெற்றவளைக் கண்டுபிடித்து ஏன் இப்படிச் செய்தாய் என்று நேரில் கேட்க வேண்டும் என்கிறாள். அவளும் பெற்றோரை அறியாதவள்.

ஹனா அழகி இல்லை. அகன்ற தாடை, கரகரத்த குரல், பெரிய உடம்பு. ஒரு காலத்தில் கேளிக்கை விடுதி மேடையில் பாடியவள். காதலன் இறந்துபோனான், வீடும் போனது, உடம்பும் நோயில் விழுந்திருக்கிறது. லில்லி எதையெல்லாம் கண்டு பயந்தாளோ அதெல்லாம் ஹனாவுக்கு வந்து போய்விட்டது. இருந்தும் அவள் யாரிடமும் நான் பெண் என்று நிரூபித்துக்கொண்டிருப்பதில்லை. குழந்தைக்குப் பால் வேண்டும், துணி வேண்டும், அந்த வேலையைப் பார்க்கிறாள். நடுவில் ஹைக்கூ சொல்கிறாள். படத்தின் உச்சக்கட்டத்தில், மொட்டைமாடியிலிருந்து விழும் குழந்தைக்காக ஒரு கணமும் யோசிக்காமல் தானும் குதிக்கிறாள். தொங்கும் துணியைப் பிடித்துக்கொண்டு, காற்று தாங்க, குழந்தையோடு தரைக்கு வருகிறாள். ஒரு திருநங்கையைக் காப்பாற்ற இயற்கையே இறங்கி வந்த காட்சி வேறெந்த அனிமேயிலும் என் நினைவில் இல்லை.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். ஹனாவின் முகத்தைக் கோன் அடிக்கடி கோணலாக்கிச் சிரிக்க வைக்கிறார். ஜினுக்கும் மியுகிக்கும் அதையேதான் செய்கிறார் என்பதால் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஜின் வீசும் வசவுகளை அப்படிப் பொறுக்க முடியவில்லை. ஜப்பானிய மூலத்தில் ஹனாவுக்குக் குரல் கொடுத்தவர் உமேகாகி யோஷியாகி என்ற நாடக நடிகர், ஆண். 2020இல் வந்த புதிய ஆங்கில ஒலிவடிவில் ஷகினா நேஃபாக் என்ற திருநங்கை நடிகை அந்தப் பாத்திரத்தைப் பேசினார். முடிந்தால் இரண்டையும் கேளுங்கள்.

அந்தப் படம் வந்த அதே 2003இல்தான் ஜப்பான் நாடாளுமன்றம் குடும்பப் பதிவேட்டில் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அன்றைய நிபந்தனைகள் கடுமையானவை. இருபது வயது ஆகியிருக்க வேண்டும், திருமண உறவில் இருக்கக் கூடாது, இனப்பெருக்கத் திறன் இருக்கக் கூடாது. இவற்றோடு, குழந்தை இருக்கக் கூடாது. தாயாக ஏங்கும் ஒரு திருநங்கையைக் கோன் திரையில் நடத்திக்கொண்டு போன அதே ஆண்டில், பிள்ளை உள்ளவர்களை நாங்கள் பெண்ணாகப் பதிய மாட்டோம் என்று எழுதிவைத்தது சட்டம். 2008இல் அது, வயதுக்கு வராத பிள்ளை இருக்கக் கூடாது என்று தளர்ந்தது. இனப்பெருக்கத் திறனை அழித்துக்கொண்டால்தான் மாற்றம் என்ற நிபந்தனையை 2019இல் ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 25 அன்று அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பதினைந்து நீதிபதிகளும் ஒரே குரலில். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஹனா நினைவுதான் வந்தது.

இவர்களுக்குப் பிறகு, சமீப காலத்தில், இன்னும் சாதாரணமாக ஒருத்தி வந்திருக்கிறாள். 2023இல் வந்த 'ஸ்கிப் அண்ட் லோஃபர்' தொடரில். கிராமத்திலிருந்து டோக்கியோவுக்குப் படிக்க வரும் மித்சுமி தங்குவது அத்தை நாவோ வீட்டில். நாவோ அவள் அப்பாவின் உடன்பிறப்பு, திருநங்கை. கதையே அவளைப் பற்றியது இல்லை. அவள் அந்தப் பெண்ணுக்குக் காவல், துணை, சில சமயம் கவலைப்பட்டே ஓய்ந்துபோகிற பெரியவள். வீட்டார் தங்கள் பெண்ணை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். 'ஒன் பீஸ்' பார்க்கிற பிள்ளை என்றால் வானோ நாட்டுக் கதையில் வரும் சாமுராய் கிகுவையும் அவளுக்குத் தெரிந்திருக்கும். தான் மனத்தால் பெண் என்று கிகு ஒரே வரியில் சொல்கிறாள், கேட்டவர்கள் சரி என்று அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

எதை முதலில் காட்டுவது என்று கேட்பீர்கள். நாவோவிலிருந்து தொடங்குங்கள், வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதுகூடப் போடலாம், சித்தியும் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் நல்லது. பிறகு ஹனா. அந்தப் படத்தில் அடிதடி உண்டு, வீடற்றவர்களைப் பையன்கள் அடித்து நொறுக்கும் காட்சி உண்டு. உங்கள் சித்தி மகளைத் தனியாகப் பார்க்க விடாமல் பக்கத்தில் இருங்கள். 'ஹோரோ முசுகோ'வை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், நாளுக்கு ஒன்று போதும். லில்லியைப் பார்க்காதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் பயத்தை முதலில் புரிந்துகொண்டது லில்லிதான். அந்தப் பயத்தை மருத்துவரிடமும் பேசலாம், மனநல ஆலோசகரிடமும் பேசலாம் என்பதை, அவள் கேட்கத் தயாராகும் நேரத்தில், நீங்கள் சொல்லுங்கள். கூடப் போக நீங்கள் இருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்து முடித்தபின் மாகோவைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். நீங்கள் எழுதினாலும் சரி. அவளே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி, அவளுக்குப் பிடித்த பெயரில் எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா